நியூயார்க்கின் பழைய கடைகளைக் காப்பாற்றிய காகிதங்கள்

மன்ஹாட்டன் தீவின் மேற்குக் கரையோரம், ஸ்பிரிங் தெருவில் 326ஆம் எண் கட்டடத்தில் ஒரு மதுக்கடை இருக்கிறது. பெயர் ‘இயர் இன்’. இயர் என்றால் காது. காதுக்கும் குடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றும். கட்டடத்துக்கு வயது 200 ஆண்டுக்கு மேல். கப்பல்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடித்துப் பழகிய இடம். நெடுங்காலம் அதற்குப் பெயர்ப்பலகையே கிடையாது. வாசலில் ‘பார்’ என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து நியான் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. 1977இல் கடையை எடுத்து நடத்தியவர்கள் ஒரு பெயர் வைக்க விரும்பினார்கள். ஆனால் அந்தக் கட்டடம் 1969இலேயே நகரத்தின் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. புதுப் பலகை மாட்டுவதென்றால் ஆணையத்துக்கு மனுப் போட்டு, அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் ஒரு டப்பா வண்ணத்தை எடுத்து, முதல் எழுத்தான ‘பி’யின் இரண்டு வளைவுகளையும் மறைத்துப் பூசிவிட்டார்கள். ‘பி’ ‘இ’ ஆனது, ‘பார்’ ‘இயர்’ ஆனது. மாடியில் தயாராகிக்கொண்டிருந்த ஓர் இசை இதழின் பெயரும் அதுதான். பழைய விளக்கு பழைய இடத்திலேயே இருந்ததால் மனுவுக்கு வேலையில்லாமல் போயிற்று.

பழைய உணவகங்களைப் பற்றி எழுதும்போது சமையல்காரரின் கைப்பக்குவத்தையும், அங்கே வந்து சாப்பிட்ட பிரமுகர்களின் பெயர்களையும் சொல்வதே வழக்கம். கைப்பக்குவம் இல்லாமல் எந்தக் கடையும் ஓடாது, உண்மைதான். ஆனால் கைப்பக்குவம் இருந்தும் மூடிப்போன கடைகளுக்குக் கணக்கே இல்லை. நியூயார்க்கில் நூறு ஆண்டைத் தாண்டி நிற்கும் கடைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காகிதம் கிடைக்கும். மது உரிமம், கிரயப் பத்திரம், குத்தகை ஒப்பந்தம், நீதிமன்றத் தீர்ப்பு என்று ஏதோ ஒன்று. கடை பிழைத்ததும் செத்ததும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தால்தான் என்பது என் எண்ணம்.

முதலில் வயதுப் பிரச்சினை. இந்த நகரத்தின் மிகப் பழைய மதுக்கடை எது என்று கேட்டால் நாலைந்து கடைகள் கையைத் தூக்கும். பெர்ல் தெருவில் இருக்கும் ஃபிரான்சஸ் டாவர்னின் கட்டடம் 1719இல் கட்டப்பட்டது. 1762இல் சாமுவேல் ஃபிரான்சஸ் அதை வாங்கி விடுதி நடத்தினார். பிரிட்டிஷ் படை நகரத்தை விட்டுப் போன பிறகு, 1783 டிசம்பர் 4 அன்று, ஜார்ஜ் வாஷிங்டன் தன் படை அதிகாரிகளிடம் அங்கேதான் விடைபெற்றார். அமெரிக்க வரலாற்றில் அந்த மாடி அறைக்கு அவ்வளவு பெரிய இடம். ஆனால் கட்டடம் பலமுறை தீப்பிடித்து உருமாறியது. இன்று நாம் பார்க்கும் முகப்பு 1907இல் பாதி ஆதாரத்தையும் பாதி ஊகத்தையும் வைத்துத் திருப்பிக் கட்டியது. மனை பழையது, பெயர் பழையது, செங்கல்லில் எத்தனை பழையது என்பது வேறு கேள்வி.

கிழக்கு ஏழாம் தெருவில் உள்ள மக்சார்லிஸ் ஓல்டு ஏல் ஹவுஸ் 1854இல் தொடங்கியதாக வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறது. பொது ஆவணங்களைப் புரட்டிய வரலாற்று ஆய்வாளர் ஒருவர், 1860வாக்கில் அந்த இடம் காலி மனையாக இருந்தது, கடை அதற்குப் பிறகே வந்திருக்கும் என்றார். இர்விங் பிளேஸ் முனையில் இருக்கும் பீட்ஸ் டாவர்ன் தன் ஆண்டு 1864 என்கிறது. இடைவெளியே இல்லாமல் அதிக காலம் நடந்த கடை தாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். ஸ்பிரிங் தெருவின் லம்பார்டிஸ் பீட்சாக் கடை 1905ஐத் தன் ஆண்டாகச் சொல்கிறது, ஆனால் 1984இல் மூடி, 1994இல் அதே தெருவில் வேறு இடத்தில் மீண்டும் திறந்தது. மனையா, கட்டடமா, பெயரா, நடுவில் விடாமல் ஓடிய நாள்களா? எதை வைத்து வயதைக் கணக்கிடுகிறோமோ அதற்குத் தகுந்தபடி வரிசை மாறும். இந்தப் போட்டியில் ‘இடைவெளியே இல்லாமல்’ என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று புரிய, 1920ஆம் ஆண்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன்னாலேயே நியூயார்க் மாநிலம் ஒரு சோதனை செய்து பார்த்திருந்தது. 1896இல் ரெய்ன்ஸ் சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது. ஆனால் தங்கும் விடுதிகள் மட்டும், விருந்தினருக்கு, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். பத்துப் படுக்கையறை இருந்தால் அது விடுதி. அன்றைய உழைப்பாளிக்கு வாரத்தில் ஒரே ஓய்வுநாள் ஞாயிறுதான். கடைக்காரருக்கு அன்றுதான் வியாபாரம். மதுக்கடைகள் மாடியிலும் பின்கட்டிலும் மரப்பலகைத் தடுப்பு வைத்துப் பத்து அறை காட்டி, விடுதி உரிமம் வாங்கின. ‘சாப்பாடு’ என்ற நிபந்தனைக்கு ஒரு சாண்ட்விச். அதை யாரும் சாப்பிட மாட்டார்கள். ஒரு மேசையில் பீர் வந்ததும் சாண்ட்விச் வரும். குடித்து எழுந்ததும் அதே தட்டு அடுத்த மேசைக்குப் போகும். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே செங்கல்லை வைத்துக் கொடுத்த கடையைப் பற்றிப் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் எழுதியிருக்கிறார்.

அந்தச் செங்கல் சாண்ட்விச்சின் மறுபக்கம் வேதனையானது. எப்படியும் கட்டிவைத்த பத்து அறைகளையும் கடைக்காரர்கள் சும்மா விடவில்லை. அவை பாலியல் தொழிலுக்கு வாடகைக்குப் போயின. குடியைக் குறைக்க வந்த சட்டம், ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் பெண்களை விற்கும் அறைகளைப் பெருக்கியது. அந்த விடுதிகளை ஒழிப்பதற்கென்றே 1905இல் ‘பதினால்வர் குழு’ என்ற குடிமக்கள் அமைப்பு உருவாயிற்று.

பிறகு 1920 ஜனவரி 17 அன்று நாடு முழுவதும் மதுவிலக்கு. 1933 டிசம்பர் 5 வரை, ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள். சட்டத்தின் சொற்களைக் கவனிக்க வேண்டும். காய்ச்சுவதும் விற்பதும் கொண்டுபோவதும் குற்றம், குடிப்பது குற்றமில்லை. நியூயார்க் மாநிலம் தன் அமலாக்கச் சட்டத்தை 1923இலேயே ரத்து செய்துவிட்டது. அதன்பின் மதுவிலக்கைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு பெரும்பாலும் மத்திய அரசின் சில நூறு அதிகாரிகள் தலையில் விழுந்தது. நகரத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளக் கடைகள் இருப்பதாக அன்றைய காவல் ஆணையரே மதிப்பிட்டார். ‘ஸ்பீக்ஈஸி’ என்று பெயர். கதவைத் தட்டி மெல்லப் பேசினால்தான் உள்ளே விடுவார்கள்.

பீட்ஸ் டாவர்னின் முன்பக்கம் பூக்கடையாக மாறியதாகவும், குளிர்பெட்டிக் கதவு போன்ற ஒன்றைத் திறந்து உள்ளே போனால் பார் இருந்ததாகவும் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நகரத்தை ஆண்ட டெமாக்ரடிக் கட்சியின் உள்ளூர்த் தலைமையகமான டம்மானி ஹால் பக்கத்திலேயே இருந்ததும் தொந்தரவு குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம். மக்சார்லிஸில் வேடம் எதுவும் இல்லை. அரை சதவீதத்துக்கும் குறைவாக ஆல்கஹால் உள்ள ‘நியர் பீர்’ விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பெயரில், நிலவறைத் தொட்டிகளில் காய்ச்சிய சரக்கு மேலே வந்தது. குடிக்க வந்தவர்களில் காவலர்களும் அரசியல்வாதிகளும் உண்டு. பதினெட்டாம் தெருவின் ஓல்டு டவுன் பார், அந்த ஆண்டுகளில் ‘கிரெய்க்ஸ்’ என்ற உணவகமாகப் பெயர் மாறி நின்றது.

வேடத்தில் எல்லோரையும் மிஞ்சியது மேற்கு 52ஆம் தெருவின் 21ஆம் எண் வீடு, ‘21 கிளப்’. ஜாக் கிரிண்ட்லரும் சார்லி பெர்ன்ஸும் ஏற்கெனவே வேறு இடங்களில் கள்ளக் கடை நடத்திப் பழகியவர்கள். அவர்களுடைய முந்தைய கடை இருந்த இடம் ராக்ஃபெல்லர் சென்டர் கட்டுவதற்காக இடிபடவே, 1930 புத்தாண்டோடு இங்கே வந்தார்கள். பாரின் பின்னால் இருந்த அலமாரித் தட்டுகள் ஒரு விசையை இழுத்தால் சாயும். புட்டிகள் எல்லாம் ஒரு குழாய்வழியே கீழே விழுந்து நொறுங்கும், சரக்கு சாக்கடையில் போய்ச் சேரும். சோதனைக்கு வந்தவர்களுக்கு வாடை மட்டுமே கிடைக்கும், வாடையை வைத்து வழக்குப் போட முடியாது.

நிலவறைதான் அதைவிடப் பெரிய வேலை. அங்கே ஒரு செங்கல் சுவர். சுவரில் பல சின்னச் சின்ன விரிசல்கள், துளைகள். எல்லாம் பழைய சுவரில் இருப்பவைதான். அவற்றில் ஒரே ஒரு துளையில், இறைச்சி கோக்கும் நீளக் கம்பியைச் சரியான ஆழத்துக்குச் செருகினால் உள்ளே ஒரு தாழ் விடுபடும். இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள அந்தச் சுவரே கதவாகத் திறக்கும். அப்பால் இருக்கும் மது அறை 21ஆம் எண் கட்டடத்தைச் சேர்ந்ததில்லை, பக்கத்து 19ஆம் எண் வீட்டின் அடித்தளம். “இந்தக் கட்டடத்தில் மது இருக்கிறதா?” என்று அதிகாரி கேட்டால், ஊழியர் “இல்லை” என்று சத்தியம் செய்யலாம். பத்திரத்தின்படி அது பொய்யில்லை. 1932இல் நடந்த சோதனையிலும் அந்த அறை கிடைக்கவில்லை. ஒரு கொத்தனார் செங்கல்லையும் காரையையும் கதவாக்கி, அந்தப் பாரத்தைக் கீலில் நிறுத்திய திறமையை நான் எந்தச் சமையலுக்கும் குறைத்து மதிக்க மாட்டேன்.

இப்படி ஒளிந்து பிழைக்கச் சின்னக் கடையால்தான் முடியும். பெரிய உணவகத்தால் முடியாது. டெல்மானிகோஸ் கதை அதற்குச் சாட்சி. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் 1827இல் வில்லியம் தெருவில் ஒரு சின்ன இனிப்புக் கடையாகத் தொடங்கியது அது. 1835 பெருந்தீக்குப் பிறகு, 1837இல் பீவர் தெரு முனையில் பெரிய கட்டடம் எழுப்பினார்கள். விடுதியில் என்ன சமைத்தார்களோ அதை எல்லோரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் சாப்பிட்ட ஊரில், அச்சிட்ட பட்டியலைப் பார்த்து வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்டுச் சாப்பிடலாம் என்ற பழக்கத்தை வேரூன்றச் செய்த இடங்களில் அது முதன்மையானது. சார்லஸ் ரான்ஹோஃபர் தலைமைச் சமையல்காரராக இருந்த காலத்தில் அந்தச் சமையலறையின் புகழ் அமெரிக்கா முழுவதும் பரவியது.

அந்தப் புகழெல்லாம் மதுவிலக்கின் முன் நிற்கவில்லை. காரணம் எளிய கணக்கு. உயர்தர உணவகத்தில் தட்டில் வரும் உணவுக்குச் செலவு அதிகம், ஆதாயம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டியது ஒயின். ஒயின் போனதும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் பணம் இல்லை. பிரெஞ்சுச் சமையலில் குழம்பு வகைகளுக்கே ஒயினும் பிராந்தியும் வேண்டும். பட்டியலில் பாதி உணவுகள் ருசி இழந்தன. கண்ணாடிச் சன்னலும் சீருடை ஊழியரும் உள்ள இடத்தில் ரகசியமாக விற்கவும் வழியில்லை. டெல்மானிகோ குடும்பத்தின் கடைசிக் கடை 1923இல் மூடியது. பீவர் தெருவில் இன்று அதே பெயரில் இருப்பது பிற்காலத்தில் வேறு கைகள் மீட்டெடுத்தது.

மதுவிலக்கு போன பிறகு வந்த எதிரி நிலத்தின் விலை. கடை வாடகைக்கு இந்த நகரத்தில் உச்சவரம்பு எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1945இல், கடை வாடகைக்கும் கட்டுப்பாடு வந்தது. 1963இல் அது முடிந்துபோயிற்று. அதன்பின் குத்தகை முடியும் நாளில் கட்டட உரிமையாளர் என்ன கேட்கிறாரோ அதுதான் வாடகை. பத்து மடங்கு கேட்டாலும் தடுக்கச் சட்டமில்லை. இதனால்தான், நீண்டு நின்ற கடைகளின் வரலாற்றில் எங்கோ ஒரு நாள் யாரோ ஒருவர் கட்டடத்தை வாங்கியிருப்பார். ஜான் மக்சார்லி தன் கடை இருந்த கட்டடத்தை 1888இல் வாங்கினார். அடுத்த நூறு ஆண்டுக் கதைக்கு அதுதான் அஸ்திவாரம்.

புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தடியில் இருக்கும் பீட்டர் லூகர், 1887இல் காபிக் கடையும் பில்லியர்ட்ஸ் மேசையும் பந்துருட்டும் கூடமுமாகத் தொடங்கியது. நிறுவனர் மறைந்த பிறகு நொடித்து, 1950இல் ஏலத்துக்கு வந்தது. எதிர்ப்புறம் உலோகச் சாமான் தொழிற்சாலை வைத்திருந்த சால் ஃபார்மன் ஏலம் எடுத்தார். தினமும் சாப்பிடப் போகும் இடம் மூடிவிட்டால் எங்கே போவது என்பதுதான் அவருடைய கவலை. அவர் மனைவி இறைச்சிச் சந்தைக்குப் போய், நல்ல மாட்டிறைச்சியைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் குடும்பத்துப் பெண்கள் அடுத்தடுத்த தலைமுறையிலும் அந்த வேலையை விடவில்லை. கைப்பக்குவம் என்று நாம் சொல்வது இங்கே கண் பக்குவம். அது தொடர ஓர் ஏலச்சீட்டு தேவைப்பட்டது. சைனாடவுனில் 1920இல் தொடங்கிய நோம் வா தேநீர்க் கடையை 1974இல் வாங்கியவர் அங்கே பதின்வயதிலிருந்து வேலை பார்த்த ஊழியர். 2010இல் அது அவர் உறவினர் கைக்குப் போனது.

மூன்றாம் அவென்யூவில் 55ஆம் தெரு முனையில் நிற்கும் பி. ஜே. கிளார்க்ஸைத் தெருவில் நின்று பார்த்தாலே போதும், எல்லாம் விளங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம், குட்டையாக, இரண்டே மாடி. அதன் முதுகை ஒட்டி 47 மாடிக் கறுப்புக் கண்ணாடிக் கோபுரம். 1960களில் கோபுரம் கட்ட வந்தவர்கள் அந்தத் தொகுதியில் எல்லாவற்றையும் வாங்கினார்கள். கடைக்காரர்கள் மட்டும் நகர மறுத்தார்கள். கடைசியில் நிலத்தை விற்று, 99 ஆண்டுக் குத்தகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மேல் மாடிகளை வெட்டி எடுத்துவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் யாரோ கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும்.

ஹூஸ்டன் தெருவின் காட்ஸ் டெலிகடெசன் வானத்தை விற்றுப் பிழைத்தது. 1888இல் தொடங்கிய யூதர்களின் இறைச்சிக் கடை அது. உள்ளே போனதும் ஆளுக்கு ஓர் எண் போட்ட சீட்டு தருவார்கள். நீள மேடைக்குப் பின்னால் வெட்டுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். அங்கே விற்கும் பாஸ்ட்ராமி என்பது மாட்டின் வயிற்றுப்புறக் கறி. வாரக்கணக்கில் உப்பிலும் மசாலாவிலும் ஊறி, புகையில் காய்ந்து, வெந்து, கடைசியில் ஆவியில் இருக்கும். கரண்டியால் தொட்டாலே பிரியும் அந்தக் கறியைக் கையால் தடியாக அரிந்து, முதல் துண்டை ருசி பார்க்கத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். வாங்கியதை அந்தச் சீட்டில் குறிப்பார்கள். வெளியே போகும்போது எதுவும் வாங்காவிட்டாலும் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். தொலைத்தால் 50 டாலர். சுற்றுவட்டாரம் முழுவதும் விலை ஏறி, பழைய கடைகள் ஒவ்வொன்றாய் விழுந்த நேரத்தில் காட்ஸ் நின்றதற்குக் காரணம், இடம் அவர்களுடையது. இந்த நகரத்தில் ஒரு மனையில் இவ்வளவு பரப்புத்தான் கட்டலாம் என்று வரம்பு உண்டு. கட்டாமல் விட்ட பரப்பைப் பக்கத்து மனைக்காரருக்கு விற்கலாம்; வான்வெளி உரிமை என்று பெயர். காட்ஸ் தன் தலைக்கு மேலிருந்த வான்வெளியை விற்றது. பக்கத்தில் அடுக்குமாடி உயர்ந்தது, கடை ஒரே தளமாக அப்படியே இருக்கிறது.

பாரம்பரியச் சின்னம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் கடை பிழைத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடித்த அதிர்ச்சியில் 1965இல் வந்த சட்டம் அது. கட்டடத்தைக் காக்கும், கட்டடத்துக்குள் நடக்கும் தொழிலைக் காக்காது. பார்க் அவென்யூவின் சீகிரம் கட்டடத்தில் 1959இல் திறந்த ஃபோர் சீசன்ஸ் உணவகம் இதற்கு உதாரணம். ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்த அதன் உட்கூடங்கள் 1989இல் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2016இல் கட்டட உரிமையாளர் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. சுவரும் உட்கூடத்தில் இருந்த குளமும் சட்டப்படி அங்கேயே நின்றன. நாற்காலி, கரண்டி, சாம்பல் கிண்ணம் எல்லாம் ஏலத்துக்கு வந்து 40 லட்சம் டாலருக்கு மேல் போயின. உணவகம் 2018இல் வேறு இடத்தில் திறந்து, ஓராண்டுக்குள் மூடியது. 21 கிளப் 2020இல் பெருந்தொற்றோடு மூடியது. வாட்டர் தெருவில் 1794ஆம் ஆண்டு மரக் கட்டடத்தில் நடந்த பிரிட்ஜ் கஃபே, 2012இல் சாண்டி புயல் வெள்ளத்தோடு நின்றுபோனது. இந்த மூன்றில் ஃபோர் சீசன்ஸின் முடிவுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஊரையே அடித்த பேரிடர் வந்தது. இதற்கு ஒரு கையெழுத்து வராமல் போனதே போதுமானதாக இருந்தது.

இத்தனை பாடுபட்டுக் காத்த இடங்கள் யாருக்குத் திறந்திருந்தன என்ற கேள்வியும் உண்டு. இதைச் சொல்லாமல் பழமையைக் கொண்டாடுவது சரியில்லை. 1868இல் சார்லஸ் டிக்கன்ஸுக்கு நியூயார்க் பத்திரிகையாளர்கள் டெல்மானிகோஸில் விருந்து கொடுத்தபோது, ஜேன் கன்னிங்ஹாம் குரோலி என்ற பத்திரிகையாளரைப் பெண் என்பதால் சேர்க்க மறுத்தார்கள். அவர் ‘சொரோசிஸ்’ என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, அதே டெல்மானிகோஸில் கூட்டம் போட்டார். ஆண் துணை இல்லாமல் பெண்கள் உணவகத்துக்கு வருவதே வழக்கத்தில் இல்லாத காலம் அது. மேற்கு 36ஆம் தெருவில் 1885இல் தொடங்கிய கீன்ஸின் கூரையில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் சுங்கான்கள், அதாவது புகைக்குழாய்கள், தொங்குகின்றன. நீளமான மண் சுங்கான் எளிதில் உடையும், சட்டைப்பையில் எடுத்துப் போக முடியாது. வாடிக்கையாளர் தன் சுங்கானைக் கடையிலேயே விட்டுப் போவார், அடுத்த முறை எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். அத்தனை சுங்கானும் ஆண்களுடையதாக இருந்த இடத்தில் தன்னை விட மறுத்ததற்காக நடிகை லில்லி லாங்ட்ரி 1905இல் வழக்குப் போட்டு வென்றதாகக் கீன்ஸே பெருமையோடு சொல்கிறது.

கிரீன்விச் வில்லேஜின் ஜூலியஸ் பாரில் 1966 ஏப்ரல் 21 அன்று தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்காக இயங்கிய மேட்டச்சின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் போய் உட்கார்ந்து, நாங்கள் தன்பாலின ஈர்ப்பாளர்கள், எங்களுக்குக் குடிக்கக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மதுவிலக்கு நீங்கியபின் 1934இல் உருவான மாநில மது ஆணையம், இவர்கள் கூடும் கடையை ஒழுங்கற்ற இடம் என்று சொல்லி உரிமத்தைப் பறிக்கும் வழக்கம் இருந்தது. ஊற்றும் ஊழியர் கண்ணாடிக் கோப்பையின் வாயைக் கையால் மூடிவிட்டார். அந்தக் கை படமாகப் பதிவாயிற்று; பின்னால் சட்டப் போராட்டமும் வந்தது. 2022இல் ஜூலியஸ் பாருக்கு நகரம் சின்னம் என்ற தகுதியைக் கொடுத்தது.

மக்சார்லிஸுக்குப் பெண்கள் போக 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்கள் கிடையாது’ என்பது அந்தக் கடையின் வாசகம். ஏல் என்பது ஒரு வகை பீர். 1969இல் ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ என்ற இருவர் உள்ளே போய் மறுக்கப்பட்டு, வழக்குத் தொடுத்து 1970இல் வென்றார்கள். அந்த ஆகஸ்டில் மேயர் கையெழுத்திட்ட நகரச் சட்டமும் வந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1939 முதல் அந்தக் கடைக்கு உரிமையாளரே ஒரு பெண். டாரதி ஓ’கானல் கிர்வன், காவல்துறையில் இருந்த தன் தந்தையிடமிருந்து அதைப் பெற்றவர். பழைய வழக்கத்தைக் காப்பதாகத் தந்தைக்குக் கொடுத்த வாக்கால், கடை திறந்திருக்கும் நேரத்தில் தன் சொந்தக் கடைக்குள் அவர் கால் வைத்ததில்லை. சட்டம் வந்த பிறகு முதல் கோப்பை உங்களுக்கே என்று அழைத்தபோதும் மறுத்துவிட்டார். பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை கட்ட மேலும் 16 ஆண்டு ஆயிற்று.

அந்தக் கடையில் இன்றும் தரையில் மரத்தூள். லைட், டார்க் என்று இரண்டே வகை ஏல். ஒன்று கேட்டால் இரண்டு சின்னக் கோப்பைகளாக வைப்பார்கள். மேடைக்கு மேலே ஒரு பழைய விளக்கு தொங்குகிறது. அதன் குறுக்குத் தண்டில் வான்கோழியின் கவை எலும்புகள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட இளைஞர்கள் விருந்து சாப்பிட்டு மாட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் இருப்பவை வராதவர்களுடையவை என்பது கடையில் வழிவழியாகச் சொல்வது. தொங்கிய இடத்தில் தொங்கியபடி, தூசி தடித்துப் போர்வைபோல் மூடி, எலும்பே தெரியாத அளவுக்கு ஆயிற்று. 2011இல் வந்த சுகாதார ஆய்வாளர், குடிக்கிறவர் கோப்பைக்கு மேலே இவ்வளவு தூசி தொங்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். 1977இல் கடையை வாங்கியிருந்த மேத்யூ மாஹர் அந்த வேலையை ஊழியர் யாரிடமும் விடவில்லை. தானே ஏணியில் ஏறி, எலும்புகளை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து, மறுபடி அதே தண்டில் மாட்டினார்.